சாயம் போடாத படம், பெயர் போடாத பத்திரிகை

ரங்கராஜுக்கு அம்மா எழுதுவது. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய், பேப்பரில் பார்த்தேன். கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு கையை உயர்த்தி, உனக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு படத்தை வைத்துக்கொண்டு மேடையில் நிற்கிறாய். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அதைத் தவிர உனக்கு ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை.

முதலில் நம் வீட்டுப் பெருமைகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கோபம் ஆரம்பித்த பிறகு அவற்றுக்கு இடம் கிடைக்காது. உன் மகள் நிவேதா பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வேலை பார்க்கிறாள் என்று மட்டும் சொன்னால் போதாது, அவளுக்குக் கீழே மீசை வைத்த ஆண்பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். கம்பெனிச் செலவில் ஜப்பான் போய், அங்கே இருப்பவர்களுக்கே பாடம் எடுத்துவிட்டு வந்தாள். அவள் தம்பி பிரணவ் நீச்சலில் மாநில அளவில் மெடல் வாங்கியிருக்கிறான். முக்கொம்பு அணைக்குக் கூட்டிப்போனால் தண்ணீரைக் கண்டு என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்ட பிள்ளை அவன். உன் தங்கை வசந்தியின் மகன் கார்த்திக், யார் சிபாரிசும் இல்லாமல் பரீட்சை எழுதி, அவன் தாத்தா வேலை பார்த்த அதே பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிட்டான். அவன் யூனிபாரத்தை நான்தான் இஸ்திரி போடுகிறேன், வசந்தியைத் தொட விடுவதில்லை. அப்புறம் நீ. எத்தனை வயதானாலும் எனக்கு நீயும் இந்தக் கணக்கில்தான் வருவாய். மார்பகப் புற்றுநோய்க் கட்டியைச் சாயம் போடாமலேயே மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற விஞ்ஞானி என்று உன்னைப் பற்றிப் போட்டிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன நான் அதை எழுத்துக் கூட்டிப் படித்து, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை நிற்க வைத்து அவருக்கும் படித்துக் காட்டினேன். நான் பெருமை பேசுகிறவள், அது எங்கள் குவார்ட்டர்ஸ் முழுவதும் தெரிந்த விஷயம். பெருமை இவ்வளவுதான். இனிமேல் கேள்.

அந்தப் பேப்பர் துண்டு நீ கொரியரில் அனுப்பிய உறைக்குள் இருந்தது. அதோடு நிவேதாவின் கல்யாணப் பத்திரிகையும் இருந்தது. நான் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். வசந்திதான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பத்திரிகையைத் திறந்தாள். திரும்பி வந்து பார்க்கிறேன், இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். பெருமாள் படம், ஸ்ரீரங்கத்து மண்டபத்தின் பெயர், முகூர்த்த நேரம் எல்லாம் தாண்டி அடிப்பக்கத்தில் கண் நிற்கிறது. யாராக இருந்தாலும் அங்கேதானே முதலில் தன் பெயரைத் தேடுவார்கள். தாத்தா பாட்டி என்று காலமான உன் அப்பாவின் பெயரும் என் பெயரும் இருந்தன. தாய்மாமன், மாமி என்று உன் வீட்டுக்காரி சுதாவின் தம்பியும் அவன் மனைவியும். சித்தி, சித்தப்பா என்று சுதாவின் தங்கை வீடு. அத்தை, மாமா என்ற வரியே இல்லை. வசந்தி பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் மண்டபத்துக்கு வழி காட்டும் படம்தான் இருந்தது. மறுபடி முன்பக்கம் பார்த்தாள். "அச்சு நல்லா இருக்கும்மா, எழுத்து பெருசா இருக்கு, நீ கண்ணாடி இல்லாமலே படிச்சிரலாம்" என்று என் கையில் கொடுத்துவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டாள். குவைத்தில் இருக்கும் மாப்பிள்ளை, வசந்தியின் கணவர், அன்று சாயங்காலம் பேசினார். போனில் பத்திரிகை வந்தது, பார்த்தேன் அத்தை என்றார். என் பெயர் எங்கே என்று அவர் ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்குப் பாதி வேதனையோடு போயிருக்கும். அவர் கேட்கவே இல்லை. அங்கே மழையா என்று கேட்டார்.

இன்னொன்றும் தெரிந்தது. பெருமாளுக்கு முதல் பத்திரிகை வைக்க நீயும் சுதாவும் ஸ்ரீரங்கம் வந்து போயிருக்கிறீர்கள். அதை உன் வாயால் நான் கேட்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் நம் தெருப் பெண் சொன்னாள். உன்னைப் பார்த்தாளாம், துளசி மாலை வாங்கினாயாம், வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போகிறாய் என்று நினைத்துக்கொண்டாளாம். முதல் பத்திரிகை கோவிலுக்கு, அடுத்தது கூடப்பிறந்தவளுக்கு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, மஞ்சள் குங்குமம், புடவை எல்லாம் வைத்து அண்ணனும் அண்ணியும் வாசல் ஏறி அழைக்க வேண்டும். இது உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் கல்யாணத்துக்கு உன் அப்பா, பேச்சுவார்த்தையே இல்லாதிருந்த தன் அக்கா வீட்டுக்கு அந்தத் தட்டோடு போய், அக்கா கதவைத் திறக்கும் வரை வாசலிலேயே நின்றார். நீயும் கூட நின்றாய். சத்திரத்தில் பஸ் ஏறினால் பொன்மலை எவ்வளவு தூரம்? உன்னிடம் கார் வேறு இருந்தது.

போனில் கேட்டேன். நீ முதலில் அச்சகத்துக்காரன் விட்டுவிட்டான் என்றாய். ஒரு முழு வரியை அவன் எப்படி விடுவான் என்று கேட்டதும் குரல் இறங்கியது. "பேரு போட்டா வரணும்ல அம்மா. வந்தா எல்லாரும் பாப்பாங்கல்ல" என்றாய். பார்த்தால் என்ன என்றேன். "உனக்குப் புரியாதும்மா. பொண்ணோட அத்தைக்கு அந்த வியாதின்னு தெரிஞ்சா, நாளைக்கு நிவேதாவுக்கும் வருமான்னு மாப்பிள்ளை வீட்ல யோசிப்பாங்க. கல்யாணம் முடியட்டும். அப்புறம் நானே பக்குவமா சொல்லிக்கறேன்." நிச்சயதார்த்தத்தின்போது வசந்திக்கு மார்பில் வந்த கட்டிக்காகக் கீமோ ஓடிக்கொண்டிருந்தது, அவளால் வர முடியவில்லை. அப்போதே நீ, முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது, படுக்கையில் இருக்கிறாள் என்று சபையில் சொல்லிவிட்டாயாம். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். பெயரே இல்லாத தங்கை. சுதாதான் ரொம்பப் பயப்படுகிறாள் என்று கடைசியில் அவள் தலையில் போட்டாய் பார், அப்போதுதான் நான் போனை வைத்தேன். இப்போது எழுத்திலேயே சொல்கிறேன், மாற்றிப் பேச முடியாது. நீ வந்து முறையாக அழைத்து, வசந்தி அந்த மண்டபத்துக்கு வந்தால் நானும் வருவேன். அவள் இல்லாத மண்டபத்தில் நான் கால் வைக்க மாட்டேன். என் பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

நீ செய்த நல்லதை நான் மறக்கவில்லை. கட்டி என்று தெரிந்ததும் உடனே சென்னைக்கு வரச் சொன்னது நீ. டாக்டரைப் பார்த்துப் பேசி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சாப்பிடாமல் நின்றது நீ. வெட்டி எடுத்ததில் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்குப் போக மிஞ்சும் சதையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டு அவர்கள் காகிதம் நீட்டியபோது வசந்தி யோசிக்கவே இல்லை. நாலு பெண்களுக்கு உபயோகமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்று கையெழுத்துப் போட்டாள். அந்தத் துண்டு உன் ஆராய்ச்சிக்கூடத்துக்குத்தான் வருகிறது என்று தெரிந்ததும் உன்னைப் பார்த்து, "சரிண்ணே, என் சதையாவது உன் ஆபீஸைப் பாக்கட்டும். என்னைத்தான் நீ ஒரு நாளும் கூட்டிட்டுப் போனதில்ல" என்றாள். நர்ஸ் உட்பட எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய், சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டாய். கண்ணைத் துடைக்கத்தான் போனாய் என்று எனக்குத் தெரியும். அந்த ரங்கராஜ் எங்கே போனான் என்றுதான் இப்போது கேட்கிறேன்.

அவள் வார்டில் தேறிக்கொண்டிருந்தபோது என்னை மட்டும் ஒரு நாள் உன் இடத்துக்குக் கூட்டிப்போனாய். கறுப்புத் திரை போட்ட இருட்டறை. மேசை முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிகள். எதையும் தொடாதேம்மா, ஒரு கண்ணாடி மயிரிழை நகர்ந்தாலும் ஒரு வாரம் வேலை என்றாய்; நான் இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அப்பாவை வைத்துத்தான் எனக்கு விளக்கினாய். "அப்பா ஒர்க்‌ஷாப்ல சிவப்புச் சாயம் பூசித் துடைச்சிட்டு, வெள்ளைப் பொடி அடிச்சு இரும்புல விரிசல் இருக்கான்னு பாப்பாருல்ல? ஆஸ்பத்திரியிலயும் அந்த மாதிரிதான். சதையை மெழுகுல வச்சு, மெல்லிசா சீவி, சாயம் போட்டாத்தான் கண்ணுக்குத் தெரியும். நாங்க சாயமே போடறதில்லம்மா. லேசர் பட்டா சதையே வெளிச்சத்தைத் திருப்பிக் குடுக்கும். நாரு ஒரு விதமா குடுக்கும், கொழுப்பு ஒரு விதமா, செல்லு ஒரு விதமா." திரையில் தெரிந்த பச்சையும் ஊதாவும் நிஜ நிறம் இல்லை, எந்த ஒளி எதிலிருந்து வருகிறது என்று பிரித்துக் காட்ட கம்ப்யூட்டர் போடுவது என்றும் சொன்னாய். இது இன்னும் ஆராய்ச்சிதான், வசந்திக்கு என்ன வைத்தியம் என்று முடிவு செய்வதெல்லாம் ஆஸ்பத்திரியில் சாயம் போட்டுப் பார்த்ததை வைத்துத்தான் என்பதையும் சொன்னாய். உன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள அன்று நீ ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

பிறகு ஒரு படத்தைப் போட்டு, இது வசந்தியோடது என்றாய். கட்டிக்குத் தள்ளியிருந்த இடத்தில் நார்கள் சிக்கெடுக்காத தலைமுடி போலச் சுருண்டு சுருண்டு தளர்வாகக் கிடந்தன. கொழுப்பு, வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தது. கட்டியின் ஓரத்துக்கு வர வர ஜவ்வரிசி சுருங்கிப்போய், அதே நார்கள் விறைத்து நேராக நின்றன. கெட்ட செல்கள் அந்த நேர்வழியைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்துவிடும் என்றாய். "கட்டி தனியா வளர்றதில்லம்மா. சுத்தி இருக்கறதையெல்லாம் தன் பக்கம் மாத்திக்கிட்டுத்தான் வளரும். அதனால கட்டியை மட்டும் பாத்தா பத்தாது. சுத்தி என்ன நடக்குதுன்னு பாக்கணும்." பேப்பரிலும் நீ சொன்னதாக இதையேதான் போட்டிருக்கிறார்கள். உனக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெரிய படமும் அன்று நான் பார்த்ததுதான். இடது மூலையில் ஜடை பிரிந்தாற்போல ஒரு வளைவு இருக்குமே, அதை நான் மறக்கவில்லை. போனில் அதையும் கேட்டேன். ஆமாம் என்றாய். பெயர் போடவில்லை, போடவும் கூடாது, யாருடையது என்று வெளியில் தெரியக் கூடாது என்பது விதி என்றாய்.

விதி சரி. அதில் எனக்குச் சண்டை இல்லை. வசந்தி மனதாரக் கொடுத்தாள், படம் எத்தனை மேடை ஏறினாலும் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். அவள் உடம்பிலிருந்து எடுத்த துண்டு ஊர் ஊராகப் போகிறது, கை தட்டுகிறார்கள், உனக்குச் சால்வை போர்த்துகிறார்கள். அந்த உடம்பு முழுசாக எழுந்து ஒரு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வந்தால் மட்டும் உனக்குத் தலைகுனிவு. படத்தில் பெயர் கூடாது என்பது சட்டம். பத்திரிகையில் பெயர் கூடாது என்பது யார் போட்ட சட்டம்? சுற்றி இருப்பதைப் பார், சுற்றி இருப்பதைப் பார் என்று ஊருக்குச் சொல்கிறாயே, உன் தங்கையைச் சுற்றி இருப்பது யார்? நானும் கார்த்திக்கும் மட்டுமா? நீயும்தானே. நீதான் விறைத்துக்கொண்டு நிற்கிறாய்.

இந்த ஊர் விறைக்கவில்லை, தெரிந்துகொள். தலைமுடி கொட்ட ஆரம்பித்ததும் நான்தான் துணி கட்டிக்கொள்ளச் சொன்னேன். வெயிலுக்கு வேர்க்கிறது என்று வசந்தி இரண்டே நாளில் அவிழ்த்துப் போட்டுவிட்டாள். மொட்டைத் தலையோடு என்னைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பக்கத்து சீட்டு அம்மாள் அவள் தலையைப் பார்த்துவிட்டு, "சமயபுரத்துக்கு முடி குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார். "இல்லக்கா, கீமோவுக்குக் குடுத்தேன்" என்றாள் இவள். அந்த அம்மாளுக்கு அது எந்த ஊர்க் கோவில் என்று தெரியவில்லை. வசந்தி பொறுமையாக விளக்கிச் சொன்னாள். இறங்குவதற்குள் அவர், தன் மகளுக்கும் ஒரு பக்கம் கெட்டியாக இருக்கிறது, கேட்டால் கோபப்படுகிறாள் என்று சொல்லி, எந்த டாக்டரிடம் போகலாம் என்று விசாரித்துவிட்டு இறங்கினார். உன் மைக்ராஸ்கோப் செய்ய நினைக்கிற வேலையில் ஒரு துளியை உன் தங்கை பஸ்ஸில் உட்கார்ந்தபடி செய்கிறாள். அவளைத்தான் நீ டிஸ்க் என்று படுக்க வைத்திருக்கிறாய்.

இதைவிட என் வயிறு எரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் அன்று டாக்டர் என்ன சொன்னார்? ரத்த சம்பந்தமுள்ள பெண்களிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், அவரவர் எப்போது பரிசோதனை ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றார். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய். நிவேதா ரத்த சம்பந்தம் இல்லையா? ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்று பேசுகிற நீ, உன் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்றாய். நீ காப்பாற்றியது கல்யாணத்தை. அவளை இல்லை.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நிவேதாவுக்குத் தெரிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவளும் மாப்பிள்ளை அருணும் முக்கொம்பில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள் அல்லவா, கல்யாணத்துக்கு முன்னாலேயே எடுக்கிறார்களாமே, அதை முடித்துக்கொண்டு முகப்பூச்சோடு நேராக இங்கே வந்துவிட்டார்கள். படுத்திருக்கும் அத்தையைப் பார்த்துவிட்டுப் போக. கதவு தட்டும் சத்தம் கேட்டு வசந்தி ஓடிப்போய்த் திறந்தாள். பூனை மயிர் போலத் தலையில் இப்போதுதான் முளைத்திருக்கிறது. நிவேதா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அத்தை, முடி என்னாச்சு?" என்றாள். வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது அவள் சொல்ல வேண்டியது என்று நான் பாயை எடுத்து விரித்தேன். "உள்ள வா, சொல்றேன்" என்று உட்கார வைத்து, கட்டி தெரிந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொல்லச் சொன்னதையும் சொன்னாள். நிவேதா அழுதாள். அழுகையை விடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. என்னிடம் திரும்பி, "அப்பா டிஸ்க்னு சொன்னாரு அப்பாயி. நான் தினமும் அத்தைக்கு முதுகுக்கு எக்சர்சைஸ் வீடியோ அனுப்பிக்கிட்டு இருந்தேன்" என்றாள். உன் தங்கை அத்தனைக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் பதில் அனுப்பியிருக்கிறாள், உன் பொய்யைக் காப்பாற்ற.

அருண் பாவம், கையில் ஒரு பெட்டியோடு நின்றுகொண்டே இருந்தான். அத்தைக்கு என்று இடுப்புக்குக் கட்டும் பெல்ட் வாங்கி வந்திருக்கிறான். "அப்ப இது வேணாமா அத்தை?" என்றான். வசந்தி வாங்கிக்கொண்டாள். "குடுங்க மாப்பிள்ளை, எங்கம்மாவுக்கு ஆகும். என்னைத் தூக்கித் தூக்கி அவங்களுக்குத்தான் இடுப்பு போச்சு." அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளை தரையில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டான். போகும்போது, வீட்டில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றான். நிவேதா போனில் ஏதோ குறித்துக்கொண்டாள். பெங்களூர் போனதும் டாக்டரைப் பார்த்துக் கேட்கப் போகிறாளாம். அவ்வளவுதான். நீ இத்தனை மாதம் கட்டிக் காத்த பூதம் ஒரு தட்டு தோசையோடு போய்விட்டது.

மறுநாள் சம்பந்தியம்மா எனக்குப் போன் செய்தார். என்ன கேட்டார் என்று நினைக்கிறாய்? பத்திரிகை கைக்கு வந்ததிலிருந்து அவர்கள் வீட்டில் ஒரே பேச்சாம். "பொண்ணோட அத்தை பேரையே காணோமே, சொத்துத் தகராறா, கோர்ட்டு கேஸான்னு எங்க வீட்டுக்காரர் விசாரிக்கவே சொல்லிட்டாரும்மா. வியாதின்னா கூட இருந்து பாத்துக்கலாம். கூடப்பிறந்தவளையே ஒதுக்கி வைக்கிற வீடுன்னா, நாளைக்கு எம் புள்ளைக்கு ஒண்ணுன்னா என்ன செய்வாங்கன்னுதான் யோசிச்சோம்." கேட்டுக்கொள். எது தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று நினைத்தாயோ, அதை மறைத்ததால்தான் நிற்க இருந்தது. அவர் பெரிய மனுஷி என்று நான் சொல்லவில்லை. பரம்பரையாக வருமா என்றும் கேட்கத்தான் செய்தார். எல்லாருக்கும் அப்படி வருவதில்லையாம், எதுவானாலும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நிவேதாவே கேட்கப் போகிறாள் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, வசந்திக்கு இப்போது வாய்க்கு என்ன பிடிக்கிறது என்று கேட்டார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பயந்துதானே நீ இவ்வளவும் செய்தாய். அது வரும். வந்தால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிறாய், இனி இதுபோல எத்தனையோ வரும். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு ஆளை ஒளித்து வைக்க முடியாது. யாருடைய விஷயமோ அவர்களைக் கேட்காமல் அவர்களுக்காக நீ முடிவெடுக்காதே. உன் மகள் விஷயத்திலும் அப்படித்தான்.

இனி எல்லாம் சரியாகிவிட்டது, வசந்தி தானாகவே வந்துவிடுவாள் என்று மட்டும் நினைத்துவிடாதே. நிவேதா அவள் மடியில் படுத்துக் கெஞ்சிவிட்டுப் போனாள். வசந்தி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ கூப்பிட்டது எனக்கு சந்தோஷம்டி. ஆனா எங்கண்ணன் வாசல் ஏறி வந்து கூப்பிடணும். இல்லாம வந்தா, அங்க நான் நோயாளியாத்தான் நிப்பேன். எல்லாரும் பாவம் பாப்பாங்க. அத்தையா வந்து நிக்கணும் எனக்கு." சொல்லிவிட்டு எழுந்துபோய் பீரோவைத் திறந்து, அவள் புருஷன் போன தடவை ஊருக்கு வந்தபோது வாங்கிக்கொடுத்த பட்டுப்புடவையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள். ரவிக்கை தைக்கக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். அண்ணன் வரட்டும் என்றாள். தையற்காரருக்கு நாள் வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள். ஒரு பக்கம் அளவு மாறியிருக்கிறது, அவர் பார்த்துத்தான் தைக்க வேண்டும்.

ஆகவே வா. சுதாவையும் கூட்டி வா. இந்த இடத்தில் சுதாவைப் பற்றி நான் நாலு வரி எழுதியிருந்தேன். வசந்தி படித்துவிட்டு அடித்துவிட்டாள். அண்ணியைத் திட்டாதே, ஆஸ்பத்திரியில் என்னைக் குளிப்பாட்டி விட்டது அண்ணிதான் என்கிறாள். சரி, விட்டுவிட்டேன். தட்டுக்கு வேண்டியதை ஸ்ரீரங்கத்திலேயே வாங்கு. பத்திரிகையை மறுபடி அச்சடிக்கச் சொல்லவில்லை. இன்னும் கொடுக்காமல் இருக்கும் ஒவ்வொன்றிலும் அத்தை, மாமா என்று போட்டு, இரண்டு பேர் பெயரையும் உன் கையால் பேனாவில் எழுது. ஏன் கையால் எழுதியிருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு உண்மையைச் சொல். இங்கே வந்து மைக்ராஸ்கோப்பைப் பற்றிப் பேசாதே, மன்னிப்புக் கேட்கிறேன் என்று கூடத்தில் விழுந்து அழாதே, அவளுக்கு அழுகிறவர்களைச் சமாதானம் செய்து அலுத்துவிட்டது. தட்டை நீட்டு, மகள் கல்யாணத்துக்கு வாம்மா என்று சொல். அவள் வாங்கும்வரை நில்.

இந்தப் பக்கங்களைக் கார்த்திக் படம் பிடித்து, நீ பத்திரிகையைப் போட்ட அதே குடும்ப குரூப்பில் இன்று போடுகிறான். வசந்தியிடம் கேட்டேன், போடட்டுமா என்று. முழுவதும் படித்தாள், என் எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். "போடும்மா. ஒவ்வொருத்தரா பாத்து பதில் சொல்றதுக்கு, எல்லாருக்கும் ஒரே தடவையா முடிஞ்சிரும்" என்றாள். பிறகு, "ஆனா இவ்வளவு திட்டினா அண்ணன் எங்கம்மா வருவாரு?" என்றாள். வருவாய் என்றேன். அந்த ஒரு பெருமையை மட்டும் இன்னும் கைவிடாமல் வைத்திருக்கிறேன்.

பேப்பரில் வந்த போட்டோவை நான் சுவரில் ஒட்டவில்லை, ஒட்டப் போவதும் இல்லை. எனக்கு வேறு போட்டோ வேண்டும். நீ தட்டோடு நிற்க வேண்டும், வசந்தி தலையில் எதுவும் கட்டாமல் அதை வாங்க வேண்டும், கார்த்திக் எடுப்பான். போனில் இருந்தால் எனக்குத் திறக்கத் தெரியாது, அதனால் அவனிடமிருந்து வாங்கி, காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு. பின்பக்கம் உன் கையெழுத்தில், இதில் இருப்பவர்கள் யார் யார் என்று பெயர் எழுதி அனுப்பு.

அம்மா